மூன்றாவது கேள்வி: மேல்மலை ஊர் ஒன்றில் ஊரடங்கும் ஏழு பேரின் நட்பும்

பழனி மலையின் மேல்மலைப் பகுதியில் ஓர் ஊர். அங்கே ஒரே வகுப்பில் படித்த ஏழு பேருடைய நட்பு 2020 மார்ச் முதல் 2022 மே வரை என்ன ஆனது என்பதை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. வளரிளம் பருவத்தினரோடு வேலை செய்யும் ஆசிரியர்கள், நூலகர்கள், தன்னார்வலர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஊர்ப் பெயரும் ஆட்பெயரும் தரப்படவில்லை. ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. மாணவியர் மூவர் அ, இ, உ என்றும் மாணவர் நால்வர் க, ச, த, ப என்றும் குறிக்கப்படுகிறார்கள். "குழு" என்று வரும் இடங்களில் வகுப்பாசிரியை, ஊர்ப்புற நூலகத்தைப் பார்த்துக்கொண்டவர், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த உள்ளூர்ப் பெண் தன்னார்வலர் ஆகிய மூவரைக் கொள்க.

பின்னணி

கொடைக்கானலைத் தாண்டி பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கவுஞ்சி, கிளாவரை என்று போகும் ஊர்களை மேல்மலை என்பார்கள். பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் கீழ்மலை. கீழே காபி, மிளகு, மலைவாழை. மேலே பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ். இந்த ஆய்வில் பயிருக்கும் ஒரு பங்கு உண்டு. காய்கறி அத்தியாவசியப் பொருள் என்பதால், 2020 மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு வந்த பிறகும் மேல்மலையில் தோட்ட வேலை நிற்கவில்லை. பள்ளி மூடியது, பேருந்து நின்றது, சுற்றுலா வண்டி ஒன்றுகூட வரவில்லை. கேரட் மூட்டை மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது.

எனவே நான்கு சுவருக்குள் அடைபட்ட பிள்ளைகள் என்று நகரத்தை வைத்துப் பேசப்பட்டது இந்த ஊருக்குப் பொருந்தவில்லை. வீட்டோடு கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண்ணான அ நீங்கலாக மற்ற ஆறு பேரும் தினமும் ஏழெட்டு மணி நேரம் வெட்டவெளியில் வேலை செய்தவர்கள். களை எடுத்தார்கள், பூண்டு பிடுங்கினார்கள், மருந்தடிக்கத் தண்ணீர் சுமந்தார்கள். அத்தனை நேரத்திலும் சொந்தக்காரர் அல்லாத, தங்கள் வயதுள்ள ஒருவரைக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் கிடப்பவர்கள்தான் தனிமைப்பட்டவர்கள் என்று குழு எண்ணியிருந்தது. அந்த எண்ணம் கலைய மூன்று மாதம் பிடித்தது.

ஊரின் அமைப்பு இது. நடுத்தெருவில் அ, க. ஓடைக்கு அந்தப் பக்கம், சுமார் 600 மீட்டரில் உள்ள காலனியில் இ, ச, த. 2 கிலோமீட்டர் தள்ளிச் சரிவில் ஒற்றையாக நிற்கும் தோட்டத்துக் காவல் வீட்டில் உ. காட்டோரம் 3 கிலோமீட்டர் நடந்தால் வரும் பளியர் பழங்குடிக் குடியிருப்பில் ப. நடுத்தெருவுக்கும் காலனிக்கும் இடையே இருப்பது சாதிக் கோடு. வெளிப்படையான பகை கிடையாது. வீட்டுக்கு வீடு புழக்கமும் கிடையாது. ஏழு பேருக்கும் பொதுவாக இருந்தவை அரசு உயர்நிலைப் பள்ளி, அதன் தண்ணீர்க் குழாயடி, வாலிபால் மைதானம், எதிரே இருந்த நிழற்குடை ஆகியவைதான். அ-வும் இ-யும் 6-ஆம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் ஒரு நாளும் போனதில்லை.

2020 மார்ச்சில் இவர்கள் 9-ஆம் வகுப்பின் கடைசிக்கு வந்திருந்தார்கள். பரீட்சை இல்லாமலே 10-க்குப் போனார்கள். ஏழு வீட்டிலுமாக ஐந்து தொடுதிரைப் போன்கள், இரண்டு பட்டன் போன்கள். ஐந்தில் நான்கு அப்பா அல்லது அண்ணன் கையில். தனக்கென்று போன் வைத்திருந்தவன் க மட்டும்.

முதல் மூன்று மாதம்

ஊரில் ஒரே ஒரு நிறுவனத்தின் கோபுரம்தான் எடுக்கும். மின்சாரம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் சிக்னலும் போய்விடும். இணையம் தடையில்லாமல் கிடைத்தது ஊருக்கு மேலே இருந்த ஒரு பாறையில். பையன்கள் மாலை 5 மணிக்குமேல் அங்கே கூடினார்கள். பெண்பிள்ளைகள் அந்தப் பாறைப் பக்கம் போக முடியாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பாறையில் நடந்தது ஃப்ரீ ஃபயர். விலை குறைந்த போனிலும் ஓடும். நான்கு பேர் ஓர் அணியாகப் பேசிக்கொண்டே ஆடலாம். க, ச, த மூவரும் ஓரணி. நான்காவது ஆள் எங்கேயோ முகம் தெரியாத ஒருவன். குழுவின் ஏப்ரல் மாதக் குறிப்பில் இது "கெட்ட பழக்கம், பெற்றோரிடம் பேச வேண்டும்" என்று பதிவாகியிருக்கிறது. அது பிழையான மதிப்பீடு. நடுத்தெருப் பையனும் காலனிப் பையன்களும் அன்றாடம் பேசிக்கொண்ட ஒரே இடம் அந்த விளையாட்டுதான். அந்த விளையாட்டுக்குள் செலவிடும் டைமண்டு வாங்க வீட்டுப் பணத்தை எடுத்ததும் உண்மை. ச-வின் வீட்டில் அதற்காக அடி விழுந்ததும் உண்மை. அந்தச் சிக்கலைத் தனியாகத் தீர்த்திருக்கலாம். ஜூலையில் தொற்றைக் காரணம் காட்டி ஊர்ப் பெரியவர்கள் பாறையில் கூடக் கூடாது என்றார்கள். வீட்டில் விளையாடும் அளவுக்கு இணையம் கிடையாது. மூவரின் பேச்சு ஒரே வாரத்தில் அற்றுப்போனது.

இ-க்கு நேர்ந்தது வேறு. அண்ணன் போனில் டிக்டாக் பார்ப்பதும், சித்தி மகள்களோடு ஆடிப் பதிவு செய்வதும் அவளுக்கு வெளியுலகமாக இருந்தன. 2020 ஜூன் 29-ல் அது தடை செய்யப்பட்டது. அதற்குப் பிறகு அண்ணனிடம் போன் கேட்பதற்கு அவளிடம் காரணம் இல்லை.

பலிக்காத இரண்டு முயற்சிகள்

முதலில் வாட்ஸ்அப் குழு. ஜூன் மாதம் வகுப்பாசிரியை 23 மாணவர்களுக்கும் சேர்த்துத் தொடங்கினார். 14 எண்கள் சேர்ந்தன. அவற்றில் 11 அப்பாமார் எண்கள். மாணவியர் ஒருவரும் ஒரு வரிகூட எழுதவில்லை. அப்பா, அண்ணன், பக்கத்துத் தெரு ஆண்கள் எல்லாரும் படிக்கும் இடத்தில் 15 வயதுப் பெண் என்னதான் எழுதுவாள்? மூன்றாம் வாரத்தில் வாட்ஸ்அப் குழு முழுக்கக் காலை வணக்கப் படங்களும் கஷாயக் குறிப்புகளுமாக நிரம்பியது.

அடுத்தது ஆற்றுப்படுத்தும் அழைப்பு. வாரம் ஒரு முறை, குறித்த நேரத்தில், ஒவ்வொருவரிடமும் பத்து நிமிடம் பேசுவது திட்டம். பெரும்பாலான வீடுகள் ஓரறை வீடுகள். போனைக் கையில் கொடுக்குமுன் வீட்டார் ஒலிபெருக்கியைப் போட்டுவிடுவார்கள். அது சந்தேகத்தால் அல்ல, டீச்சர் என்ன சொல்கிறார் என்று கேட்கும் ஆசையால். "நல்லா இருக்கேன் டீச்சர்", "சாப்பிட்டேன் டீச்சர்" என்பதைத் தாண்டி ஒன்பது அழைப்புகளில் ஒரே ஒரு தகவல்தான் கிடைத்தது. உ-வின் பட்டன் போனில் அவளுடைய அம்மா சொன்னது அது: "இவ பேச்சே கொறஞ்சு போச்சுங்க டீச்சர். ஆட்டுக்கிட்ட மட்டும் பேசுறா."

கேள்வித்தாளில் ஒரு வரி

ஆகஸ்டில் அழைப்புகளை நிறுத்திவிட்டுத் தன்னார்வலர் நேரில் போனார். பாடப் புத்தகம் கிடைத்ததா என்று விசாரிப்பது காரணம். கையில் ஒரு தாள், மூன்று கேள்விகள்:

1. போன 7 நாளில், வீட்டாரும் சொந்தக்காரரும் அல்லாத, உன் வயதுள்ள யாரிடம் பேசினாய்?
2. எங்கே?
3. எதற்காகப் போனபோது?

இதே மூன்றையும் பிப்ரவரி மாதத்து ஒரு சாதாரண வாரத்தை நினைவுபடுத்திக்கொண்டும் சொல்லச் சொன்னார். பிப்ரவரி வாரத்துக்கு ஒவ்வொருவரும் 9 முதல் 14 பெயர் சொன்னார்கள். ஆகஸ்டு வாரத்துக்கு 0 முதல் 4. எண்ணிக்கை விழுந்தது எதிர்பார்த்ததே. குழுவின் பார்வையைத் திருப்பியது மூன்றாவது கேள்வி. பிப்ரவரிச் சந்திப்புகளில் "அவளைப் பார்க்கப் போனேன்" என்று ஒன்றுகூட இல்லை. தண்ணீர் பிடிக்க, பேருந்துக்கு நிற்க, நோட்டு வாங்க, கரும்பலகை துடைக்க, டீச்சர் கூப்பிட்டதால், சத்துணவு வரிசையில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. நட்பு அந்த வேலைகளின் ஓரத்தில் வளர்ந்திருந்தது.

இந்த ஊரில் "ஃபிரண்டைப் பாத்துட்டு வரேன்" என்று ஒரு பெண்பிள்ளை வாசலில் நின்று சொல்ல முடியாது. பையன் "சும்மா ஒரு சுத்து" என்று கிளம்பலாம். அவனும் எந்தத் தெருவுக்கு என்று சொல்ல மாட்டான். பள்ளி மூடியபோது எல்லாருடைய சாக்குகளும் ஒரே நாளில் பறிபோயின. வீட்டில் இருங்கள் என்ற அரசின் சொல், அவரவர் தெருவில் இருங்கள் என்ற பழைய சொல்லோடு சேர்ந்துகொண்டது.

அதன்பின் குழு எடுத்த முடிவு: பிள்ளைகளைச் "சேர்த்துவைக்க" முயல வேண்டாம், வாசல் தாண்டப் பெற்றோர் ஒப்புக்கொள்ளும் வேலைகளை உண்டாக்கினால் போதும்.

இருக்கிற சாக்குகளைப் பட்டியலிட்டது முதல் படி. ரேஷன், மாவு மில், மருந்து. மதிய உணவுக்குப் பதிலாகத் தம்பி தங்கைகளுக்குப் பள்ளியில் கொடுத்த அரிசி, பருப்பு. கடைசியாகச் சொன்னது நல்ல வாய்ப்பு. பெரும்பாலான வீடுகளில் அதை வாங்க அக்காமாரைத்தான் அனுப்பினார்கள். கூட்டத்தைத் தவிர்க்கப் பள்ளி எப்படியும் நேரச் சீட்டு போட வேண்டியிருந்தது. அகர வரிசைப்படி போடாமல், அ-வும் இ-யும் ஒரே அரை மணி நேரத்தில் வரும்படி ஆசிரியை போட்டார். இதற்குச் செலவு கிடையாது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை. ஐந்து மாதத்துக்குப் பிறகு அவர்கள் பார்த்துக்கொண்டது அந்த வரிசையில்தான்.

இடம்

அடுத்த படி, வாரம் இருமுறை வீட்டுப்பாடத் தாள் வாங்கிக் கொடுக்கும் இடம். இதற்கு இரண்டு வாரம் அலைய வேண்டியிருந்தது. நடுத்தெருச் சாவடி அகலமானது, கூரை உண்டு. காலனிப் பிள்ளைகள் அதில் உட்கார மாட்டார்கள், உட்கார்ந்தால் பேச்சு வரும். காலனிச் சமுதாயக் கூடத்துக்கு நடுத்தெருவில் இருந்து அனுப்ப மாட்டார்கள். பள்ளி வளாகத்தைத் திறக்க உத்தரவு இல்லை. ரேஷன் கடை வாசல் எல்லாருக்கும் பொது, ஆனால் பெரியவர்கள் எந்நேரமும் நிற்பார்கள். ஊர்ப்புற நூலகத்தின் முன்புறம் தேறியது. 12 அடிக்கு 30 அடி முற்றம், ஒரு திண்ணை, பூட்டிய கதவு. இரு தெருவுக்கும் ஏறக்குறைய நடுவில் இருந்தது. "லைப்ரரிக்குப் போறேன்" என்றால் யாரும் மறுக்காத பெயரும் அதற்கு இருந்தது.

திண்ணை நடந்த விதம்

2020 செப்டம்பர் 1-ல் மாவட்டத்துக்குள் பேருந்து மீண்டும் ஓடத் தொடங்கியது. தாள்களைக் கொடைக்கானல் போய் நகலெடுத்து வர முடிந்தது. அந்த மாதம் இரண்டாம் வாரத்தில் திண்ணை தொடங்கியது. செவ்வாய், வெள்ளி, காலை 10.30 முதல். வடகிழக்குப் பருவத்தில் மேல்மலையில் மழை பெரும்பாலும் மதியத்துக்குமேல்தான் பிடிக்கும்; 10 மணிக்கு மூடுபனியும் விலகிவிடும். ஒரு வேளைக்கு ஐந்தாறு பேர், 40 நிமிடம். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் 2 மீட்டர் இடைவெளியில் வட்டங்கள். வாசலில் 15 லிட்டர் வாளியும் சோப்பும். ஆளுக்கு இரண்டு துணி முகக்கவசம், ஒன்று காயும்போது ஒன்று. மழைக்கு ஒரு தார்ப்பாய்.

இவ்வளவையும் எவரும் யோசித்திருப்பார்கள். பலன் தந்தவை வேறு மூன்று ஏற்பாடுகள்.

இருவருக்கு ஒரு தாள். கணக்கு ஒருவர் கையில், அதற்கான படமும் அளவும் மற்றவர் கையில். பேசாமல் விடை வராது. தொடக்கத்தில் ஆளுக்கு ஒரு முழுத்தாள் கொடுத்தபோது ஆறு நிமிடத்தில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பெரியவர் இல்லாத பதினைந்து நிமிடம். தாள்களைத் திருத்திப் பிரிக்க என்று தன்னார்வலர் உள்ளே போய்விடுவார். அந்த நேரத்தில் நடந்ததை யாரும் பதிவு செய்யவில்லை, செய்யவும் கூடாது என்பது விதி. உள்ளே கேட்டது சிரிப்புச் சத்தம்தான்.

தெரு கலந்த அணி. பெற்றோர் வசதிக்காகத் தெருவாரியாகப் பிரித்தால் நோக்கமே கெட்டுவிடும். "ரோல் நம்பர்படி" என்று சொல்லி அணி பிரிக்கப்பட்டது. பட்டியல் எண்ணை யாரும் சந்தேகிப்பதில்லை.

தவறிய இடங்களும் உண்டு. மாணவியருக்குத் துணையாக அண்ணன்மார் வந்து முற்றத்திலேயே நின்றார்கள். அவர்கள் நின்றால் பேச்சு எழாது. போகச் சொன்னால் தங்கைகளையும் கூட்டிப் போய்விடுவார்கள். வருகைப் பதிவேட்டைக் கொடுத்துத் தெருமுனையில் உட்கார வைத்ததும் சரியாயிற்று. இன்னொன்று சுற்றேடு: 80 பக்க நோட்டு ஒன்று, ஒருவர் இரண்டு நாள் வைத்திருந்து எழுதி அடுத்தவரிடம் நேரில் கொடுப்பது. நான்கு சுற்றோடு நின்றது. மூன்றாம் சுற்றில் இ எழுதிய ஒரு பக்கம் கிழிந்து வந்தது. கிழித்தவர் அவளுடைய அண்ணன். மற்றவர் கண்ணில் படும் என்று தெரிந்த நோட்டில் மனத்தில் உள்ளதை எழுதச் சொன்னது குழுவின் அறியாமை. வாட்ஸ்அப் குழுவில் கற்றிருக்க வேண்டிய பாடம் அது.

இதற்கிடையே அரசின் அறிவிப்புகளும் இழுபறியாக இருந்தன. அக்டோபர் 1 முதல் 10, 11, 12-ஆம் வகுப்பினர் சந்தேகம் கேட்கப் பள்ளிக்கு வரலாம் என்ற உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. நவம்பர் 16-ல் திறப்பதாகச் சொன்னதும் கைவிடப்பட்டது. ஒவ்வொரு முறையும் அடுத்த இரண்டு வாரம் திண்ணைக்கு வருகை குறைந்தது. எதிர்பார்த்து ஏமாந்தவர்கள் சின்ன ஏற்பாட்டையும் வெறுத்துப் பேசுவதை அப்போது பார்க்க முடிந்தது.

இதே மாதங்களில் இ-க்குத் தூக்கம் கெட்டது, சாப்பாடு குறைந்தது, தலை வாரிக்கொள்வதும் நின்றது. தோழியைப் பார்க்காத ஏக்கம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. திண்ணையால் இரண்டாவதைத் தீர்க்க முடியாது. இந்தக் குறிகள் இரண்டு வாரத்துக்குமேல் நாள்தோறும் நீடித்தால் மருத்துவரிடம் அனுப்புவது என்று முன்பே முடிவு செய்யப்பட்டிருந்தது. 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் பேசி, கிராம செவிலியர் வழியாக அழைத்துப் போனார்கள். ரத்தசோகையும் இருந்தது தெரியவந்தது. இரண்டுக்கும் சிகிச்சை தொடர்ந்தது.

தகரம் அடித்த வீடு

அக்டோபரில் த-வின் அப்பாவுக்குத் தொற்று உறுதியானது. வாசலில் ஒட்டுத்தாள், வழியில் தகரத் தடுப்பு, 14 நாள். பதினைந்தாம் நாள் தகரத்தை எடுத்துவிட்டார்கள். ஊர் மனத்தில் இருந்ததை எடுக்க முடியவில்லை. அவனுடைய அணியில் இருந்த நால்வரில் மூவரை வீட்டார் அனுப்பவில்லை. இதற்குக் குழு தயாராக இருக்கவில்லை. இரண்டு வெள்ளிக்கிழமை அவன் வந்து ஒரே ஒருவனோடு உட்கார்ந்துவிட்டுப் போனான்.

பிறகு செய்தது: நூலகர் பகலில், எல்லாரும் பார்க்க, அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்தார். செவிலியர் மூன்று வீட்டுக்கும் போய், தனிமைக் காலம் முடிந்தவரிடம் பயம் இல்லை என்று சொன்னார். சொன்னதைவிடக் குடித்த டீ அதிகம் வேலை செய்தது. மூவரும் திரும்பி வர ஐந்து வாரம் ஆனது. அதற்குள் த காய்கறி ஏற்றும் வண்டியில் போகத் தொடங்கியிருந்தான். நாள் கூலி, வண்டிக்காரர்களின் பேச்சு, வழியில் பரோட்டாக் கடை. பெரியவர்களின் உலகம் அவனை மதித்து ஏற்றுக்கொண்டது. சுண்ணாம்பு வட்டத்துக்குள் உட்கார அவனை எதுவும் இழுக்கவில்லை.

ஜனவரி 2021

2021 ஜனவரி 19-ல் 10, 12-ஆம் வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது. பெற்றோர் சம்மதக் கடிதம், அறைக்கு 25 பேர், சத்து மாத்திரைகள். முதல் நாளே த தவிர ஆறு பேரும் வந்தார்கள். ப இருட்டோடு கிளம்பி 3 கிலோமீட்டர் நடந்து வந்திருந்தான். ஐந்து வாரம் நன்றாக நடந்தது.

பிப்ரவரி 25-ல் 9, 10, 11-ஆம் வகுப்பினர் தேர்வு இல்லாமல் தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. பரீட்சைப் பயத்தில் இருந்தவர்களுக்கு நிம்மதிதான். ஆனால் வகுப்புகள் மார்ச் 22 வரை தொடர்ந்தும் பெண்பிள்ளைகளின் வருகை மறு வாரமே சரிந்தது. காரணத்தை உ-வின் அம்மா ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "பரீட்சையே இல்லேன்னுட்டாங்களே டீச்சர், இனி எதுக்கு அனுப்புறது?" மூன்றாவது கேள்விக்கு விடை போய்விட்டது. ஆசிரியை உடனே ஒன்று கண்டுபிடித்திருக்கலாம்: மேல்நிலைச் சேர்க்கைக்கான படிவம், ஒப்படைப்பு நோட்டு, எதுவானாலும். மார்ச் 10 வரை யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் அலையும் ஒரு நிச்சயமும்

2021 மே 10-ல் மாநிலத்தில் மீண்டும் ஊரடங்கு, 24-லிருந்து தளர்வில்லாமல். இம்முறை தொற்று ஊருக்குள்ளேயே பரவியிருந்தது, இரண்டு இறப்புகள். திண்ணையைக் குழு தானாகவே நிறுத்தியது. அது சரியான முடிவு. ஆனால் அதற்குப் பதிலாக ஒன்றும் வைக்காமல் ஜூலை முதல் வாரம் வரை விட்டது சரியில்லை.

அந்த இடைவெளியில் 16 வயது உ-வுக்கு நிச்சயம் பேசினார்கள். கூட்டம் இல்லாமல், செலவு குறைவாக முடித்துவிடலாம் என்பது வீட்டார் கணக்கு. பால் கொடுக்கப் போன அ-விடம் உ சொன்னாள். அ தன்னார்வலரிடம், "அக்கா, நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க" என்று சொன்னாள். அன்றே குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குத் தகவல் போனது. 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி 18 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்வது குற்றம். மூன்றாம் நாள் அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள், பெற்றோர் எழுதிக் கொடுத்தார்கள், திருமணம் நின்றது.

தகவல் சொன்னவர் பெயரை அதிகாரிகள் வெளியிடவில்லை. வெளியிட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஒற்றை வீட்டுக்கு அந்த வாரம் போன வெளியாள் அ ஒருத்திதான். உ-வின் அப்பா நடுத்தெருவுக்கு வந்து சத்தம் போட்டார். அ-வை அவளுடைய அப்பா கடைக்கு வெளியே விடவில்லை. காப்பாற்றப்பட்ட உ-வே ஐந்து மாதம் அ-விடம் பேசவில்லை. தன் வீட்டார் ஊர் முன்னால் தலைகுனிந்ததற்கு இவள்தான் காரணம் என்பது அவள் எண்ணம். தலையிட்டது சரி, அதன் விலையை 16 வயதுப் பெண் ஒருத்தி கட்டினாள்.

மீண்டும் வகுப்பறை

2021 செப்டம்பர் 1-ல் 9 முதல் 12 வரை பள்ளிகள் திறந்தன. அ, இ, உ, க நால்வரும் வேறோர் ஊரில் உள்ள மேல்நிலைப் பள்ளியில் 11-ஆம் வகுப்பில் சேர்ந்தார்கள். எல்லாரும் துள்ளிக் குதித்து ஒன்றுகூடுவார்கள் என்றுதான் அங்கிருந்த ஆசிரியர்களும் எதிர்பார்த்தார்கள். கண்டது அமைதி. சாப்பாட்டு நேரத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கவசத்தைப் பாதி இறக்கி, தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். பேனா கடன் கேட்கக்கூட ஆசிரியரைப் பார்த்தார்கள். சிறிய மனத்தாங்கலும் முழு முறிவாக முடிந்தது. போனில் கசப்பு வந்தால் துண்டித்துவிடலாம், தடுத்துவிடலாம். எதிரில் உட்கார்ந்திருப்பவரோடு கோபித்துக்கொண்டு அடுத்த மணியில் ராசியாவது பழக்கத்தில் வருவது, அந்தப் பழக்கம் 17 மாதமாக இல்லை.

அறிமுக விளையாட்டுகள் ஒரு நாள் நடத்தப்பட்டன. கூச்சத்தைக் கூட்டியதோடு சரி. பிறகு குழுவின் அனுபவத்தைக் கேட்டு அந்தப் பள்ளி செய்தது எளிமையானது: தண்ணீர்த் தொட்டி நிரப்புவது, செடிகளுக்கு ஊற்றுவது, ஆய்வகக் குடுவை கழுவுவது எல்லாம் இருவர் இருவராக, வாரம் ஒருமுறை ஜோடி மாற்றி. சாப்பாட்டு இடைவேளை பதினைந்து நிமிடம் நீட்டப்பட்டது. டிசம்பரில் குடுவை கழுவும் வாரம் அ-வுக்கும் உ-வுக்கும் சேர்ந்து விழுந்தது. திட்டமிட்டுப் போட்டதா என்று ஆசிரியரிடம் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இருவரும் பேசினார்கள்.

2022 மே நிலவரம்

அ, இ, உ, க நால்வரும் 11-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதினார்கள். ச தொழிற்பயிற்சி நிலையத்தில். க-வோடு பேச்சு உண்டு, பிப்ரவரி 14-ல் ஃப்ரீ ஃபயர் தடையான பிறகும் வாலிபால் மைதானத்தில் சந்திக்கிறார்கள். ப மேலே படிக்கவில்லை. தோட்ட வேலை, பருவத்தில் காட்டுப் பொருள் சேகரிப்பு. ஆனால் மாதம் இருமுறை நூலகத்துக்கு வருகிறான், அங்கிருந்து ச-வின் வீட்டுக்குப் போகிறான். த ஓட்டுநர் உரிமத்துக்கு வயதாகக் காத்திருக்கிறான். பழைய வகுப்பில் ஒருவரோடும் தொடர்பு இல்லை. மூன்று முறை தேடிப் போயும் பலன் இல்லை. அ-வும் இ-யும் மறுபடி ஒரே பெஞ்சு.

மாற்றிச் செய்வதானால்

மூன்று கேள்விகளைப் பள்ளி மூடிய இரண்டாம் வாரமே கேட்க வேண்டும். த-வை இழந்ததற்கு ஐந்து மாதம் கழித்துக் கேட்டதும் ஒரு காரணம். வருகிறவர்களைப் பதிவேட்டில் குறிப்பது எளிது. அவர்களோடு "இரண்டு முறை தொடர்ந்து வராதவர்" என்று தனிப் பத்தி இருந்து, மூன்றாம் முறைக்குள் ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும்.

வேலைக்குப் போகும் பையன்களுக்குக் காலை 10.30 பொருந்தாது. வண்டி ஊர் திரும்பும் மாலை நேரத்தில், தாள் இல்லாமல், வலையும் பந்துமாக ஒரு மணி நேரம் வைத்திருக்க வேண்டும். பாறையைத் தடை செய்தபோது அதற்கு ஈடாக மைதானத்தைக் கேட்டு வாங்கியிருக்கலாம். பெரியவர்கள் மறுத்திருக்க மாட்டார்கள் என்பது பின்னால் தெரிந்தது.

தொற்று முற்றும்போது திண்ணையை மூடலாம், ஆனால் வீடு வீடாகத் தாள் கொண்டுபோகும் வேலையை இருவர் ஜோடியாக, வாசலில் நின்றபடி, தொடர வேண்டும். முதல் தகரம் விழுவதற்கு முன்பே பதினைந்தாம் நாளுக்கான டீயைத் திட்டமிட்டிருக்க வேண்டும்.

திருமணத் தகவலைத் தாமதிக்க முடியாது. ஆனால் அதே நாளில் செவிலியர் அந்தச் சரிவில் உள்ள எல்லா வீட்டுக்கும் இரத்தப் பரிசோதனை என்று போயிருந்தால் வெளியாள் ஒருத்தி என்ற நிலை வந்திருக்காது. 1098-ல் பேசும்போது, தகவல் யார் மூலம் வந்ததென்று ஊர் ஊகிக்க வாய்ப்பிருக்கிறது என்பதையும் சொல்லி, வருகையை அதற்கேற்ப அமைக்கக் கேட்க வேண்டும். இதைக் குழு இப்போது எழுதியே வைத்திருக்கிறது.

கேள்வித்தாள் இப்போது ஏப்ரல் கடைசி வாரத்தில், கோடை விடுமுறைக்கு முன், 8-ஆம் வகுப்பிலிருந்து எல்லாருக்கும் கொடுக்கப்படுகிறது. வரிசை மாறிவிட்டது, "எதற்காகப் போவாய்?" என்பது முதல் கேள்வி. வெற்றிடமாக விட்டுத் திருப்பித் தருகிறவர்களின் தாள்கள் நூலகத் திறப்பு நேரத்தைக் குறிக்கும் பலகைக்குப் பின்னால் தனிக் கட்டாக இருக்கின்றன. விடுமுறையில் நூலகத்துக்குப் புத்தகம் அடுக்க ஆள் தேவைப்படும்போது அந்தக் கட்டிலிருந்துதான் இருவர் இருவராகக் கூப்பிடுகிறார்கள்.